2015 ஆல்ட்டோ 800 விற்கப் போகிறேன்: குறையையும் சொல்லி விற்றால் யாழ்ப்பாணத்தில் சரிவருமா?

இணுவிலான்

எல்லோருக்கும் வணக்கம். என்னுடைய மாருதி சுசுகி ஆல்ட்டோ 800 காரை விற்க இருக்கிறேன். 2015இல் புதிதாக எடுத்தது. வாகனப் பதிவுப் புத்தகத்தில் என் பெயர் மட்டும்தான். லீசிங் கட்டி முடித்து, கம்பனியின் பெயரையும் புத்தகத்திலிருந்து எடுப்பித்துவிட்டேன். 91,000 கிலோமீற்றருக்குக் கொஞ்சம் மேலே ஓடியிருக்கிறது. பள்ளிக்கூடம், வீடு, இடைக்கிடை வவுனியா. அம்மாவும் அப்பாவும் இப்போது எங்களோடுதான். பிள்ளைகளும் வளர்ந்துவிட்டார்கள். எல்லோரும் சேர்ந்து ஒரு கலியாண வீட்டுக்குப் போக இந்தக் கார் போதாது. விற்கிறதற்கு வேறு காரணம் இல்லை.

காரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். 796 சிசி, மூன்று சிலிண்டர், ஐந்து கியர் மனுவல். ரைமிங் பெல்ட் போன வருடம் மாற்றியது, பில் இருக்கிறது. கிளச் பிளேற்றும் அப்போதே போட்டாயிற்று. ஒயில் மாற்றின ஒவ்வொரு முறையும் மீற்றர் கணக்கையும் தேதியையும் ஒரு கொப்பியில் எழுதி, பில்லையும் அதிலேயே ஒட்டி வைத்திருக்கிறேன். இரண்டு திறப்பும் கைவசம். முன் ரயர் இரண்டும் புதிது, பின் ரயர் இன்னும் ஒரு வருடம் போகும்.

இனிக் குறைகள். இடது பின் கதவில் கேற்றுத் தூண் உரசின தடம் இருக்கிறது. அதே பக்கத்துப் பின் சில்லுக்கு மேலே உள்விளிம்பில் சின்னதாகத் துரு பிடிக்கத் தொடங்கியிருக்கிறது. மத்தியான வெயிலில் கார் ஓடாமல் நின்றால் ஏசி குளிர்வது குறைவு, ஓடத் தொடங்கினால் சரி. ரேடியோ வேலை செய்யாது. முன் விளக்குக் கண்ணாடி மங்கிவிட்டது.

எங்கள் பக்கத்துத் தரகர் ஒருவர் வந்து பார்த்தார். கதவுக்குப் பெயின்ற் அடியுங்கோ, துருவுக்கு மேலே பட்டி போட்டு மூடுங்கோ, அடிப்பக்கம் முழுக்கக் கறுப்பு அடியுங்கோ, கேட்காததை நீங்களாகச் சொல்லாதேங்கோ என்றார். எனக்கு அதில் விருப்பமில்லை. இந்தக் காரை வாங்கப் போகிறவர் மருதனார்மடத்திலோ சுன்னாகத்திலோ இருப்பார். அடுத்த திருவிழாவில் கோயில் வீதியில் எதிரே வருவார். மூடி மறைத்து விற்றுவிட்டு அவருடைய முகத்தை எப்படிப் பார்ப்பது?

29 லட்சம் கேட்கலாம் என்று நினைத்திருக்கிறேன். மூன்று விஷயம் கேட்கிறேன். இந்த விலை நியாயமா? தரகர் இல்லாமல் விற்க முடியுமா? விற்க முன்னர் எதைத் திருத்துவது, எதை அப்படியே விடுவது?

கராஜ் பொடியன்

அண்ணை, பெல்ட் மாற்றின பில்லைத் தொலைத்துவிடாதேங்கோ. ஆல்ட்டோ 800இன் என்ஜினில் ரைமிங்குக்குச் சங்கிலி கிடையாது, பெல்ட்தான். ஒரு லட்சம் கிலோமீற்றரை நெருங்கின ஆல்ட்டோ வாங்க வருகிற விஷயம் தெரிந்தவர் முதலில் கேட்பது அதைத்தான். மாற்றியதற்கு ஆதாரம் இல்லாவிட்டால் அந்தச் செலவை விலையில் கழித்துத்தான் பேசுவார்.

என்னிடமும் ஒரு கேள்வி இருக்கிறது. ரேடியேற்றருக்கு என்ன தண்ணீர் விட்டனீங்கள்?

ஏன் கேட்கிறேன் என்றால், எங்கள் குடாநாடு முழுக்கச் சுண்ணாம்புக்கல். வலிகாமத்துக் கிணற்றுத் தண்ணீர் எப்படிப்பட்டது என்று வீட்டுக் கேத்தலின் அடியைப் பார்த்தாலே தெரியும், வெள்ளையாகப் படிந்திருக்கும். அதே தண்ணீரை ரேடியேற்றருக்குள் விட்டால் சூட்டில் அதே படிவுதான் அங்கேயும். ஆல்ட்டோவின் ரேடியேற்றர் சின்னது, குழாய்களும் மெல்லியவை. வருடக்கணக்கில் படிந்து படிந்து கடைசியில் பாதிக் குழாய் அடைத்துவிடும். ஊருக்குள் ஐந்து கிலோமீற்றர் ஓடும்போது ஒன்றும் தெரியாது. ஏ9இல் கிளிநொச்சி தாண்டி மத்தியான வெயிலில் ஏசியையும் போட்டு மிதித்தால்தான் சூட்டு முள் ஏறத் தொடங்கும். ஹெட் கஸ்கெற் (என்ஜினின் மேல்பாகத்துக்குக் கீழே இருக்கிற அடைப்பு) போய் எங்களிடம் வருகிற கார்களில் பலவற்றுக்குத் தொடக்கம் இந்தக் கிணற்றுத் தண்ணீர்தான். கூலன்ற் (ரேடியேற்றருக்கென்று விற்கிற சாயத் திரவம்) மட்டும் விட்ட கார் என்றால் மூடியைத் திறந்து காட்டலாம். சாயம் தெளிவாக இருக்கும், மூடியின் உள்பக்கம் வெள்ளையோ செம்மண் நிறமோ இராது. வாங்க வருகிறவருக்கு இதைவிடப் பெரிய சான்றிதழ் வேண்டாம். என்ஜின் ஆறி இருக்கும்போது மட்டும் திறவுங்கோ.

திருத்துகிற விஷயத்தில் என்னுடைய அபிப்பிராயம்: விளக்குக் கண்ணாடியைத் தேய்த்துத் துலக்கலாம், செலவு கொஞ்சம்தான், இரவில் ஓட்டுகிறவருக்கும் நல்லது. ஏசியைக் காட்டுங்கோ. நிற்கும்போது மட்டும் குளிர்ச்சி குறைகிறது என்றால் பெரும்பாலும் முன் விசிறி மெதுவாகச் சுற்றும், அல்லது ஏசியின் சூட்டை வெளியே விடுகிற கண்டென்சரில் தூசி அடைத்திருக்கும். காஸ் குறைந்திருக்கவும் கூடும். பார்த்தால்தான் சொல்லலாம். கதவில் கை வைக்க வேண்டாம். ஒரு கதவுக்கு மட்டும் புதுப் பெயின்ற் அடித்தால் நிறம் சரியாக ஒத்து வராது. பார்க்கிறவர் பெரிய அடி பட்ட கார் என்று நினைத்து ஓடிவிடுவார். உரசலை உரசலாகவே விடுங்கோ.

பண்ணைக் காற்று

துருவைப் பற்றி எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன், நான் தீவுப்பக்கம். நகரத்திலிருந்து தீவுகளுக்குப் போகிற பண்ணைப் பாலத்தால் தினமும் போய்வருகிற வாகனங்களுக்கு வருகிற துருவும் இணுவிலில் நின்ற காருக்கு வருகிற துருவும் ஒன்றில்லை. எங்கள் பக்கத்தில் இரண்டு கரையும் கடல். சோளகக் காற்று (தென்மேற்குக் காற்று) அடிக்கிற காலத்தில் கண்ணாடியில் உப்பு ஒட்டுவதைக் கையால் தடவிப் பார்க்கலாம். அந்த உப்பு சில்லு வளைவுக்குள், கதவின் அடி மடிப்புக்குள், பின்பக்கச் சாமான் பெட்டியின் கம்பளத்துக்குக் கீழே போய் இருந்துகொண்டு உள்ளிருந்து தின்னும். வெளியே தெரியும்போது உள்ளே தகடு போயிருக்கும்.

ஆகவே ‘சில்லுக்கு மேலே சின்னத் துரு’ என்று மட்டும் எழுதினால் எங்களைப் போன்றவர்கள் பயப்படுவோம். கிட்டத்தில் இரண்டு படம் எடுத்துப் போடுங்கோ. ஒரு விரல் நகத்தால் தட்டிப் பாருங்கோ. ‘டிங்’ என்று தகடு சத்தம் வந்தால் மேலோட்டமான துரு. மந்தமாகச் சத்தம் வந்தாலோ அமுங்கினாலோ தகட்டையே திருத்துகிற ரிங்கரிங் வேலை. தரகர் சொன்ன அந்தக் கறுப்பு அடிப்பை மட்டும் செய்யாதேங்கோ. விற்க முதல்நாள் அடித்த புதுக் கறுப்பைக் கண்டால் கீழே என்ன இருக்கிறது என்று நான் பார்க்கமாட்டேன், அப்படியே திரும்பி வந்துவிடுவேன்.

இணுவிலான்

தம்பி, கிணற்றுத் தண்ணீர் ஒருநாளும் விட்டதில்லை. கூலன்ற்தான். கலப்பதற்குப் பற்றறிக்கு விடுகிற காய்ச்சி வடித்த தண்ணீர். கொப்பியில் எழுதியிருக்கிறேன். நாளைக் காலையில் மூடியைத் திறந்து படம் எடுத்துப் போடுகிறேன்.

பண்ணைக் காற்று, தட்டிப் பார்த்தேன். தகடு உறுதியாகத்தான் இருக்கிறது. படமும் போடுகிறேன். உங்களிடம் கேட்டிராவிட்டால் இந்த வித்தியாசம் எனக்குத் தெரிந்திராது.

வடமராட்சியான்

ஐயா, உங்கள் நேர்மையை மதிக்கிறேன், ஆனால் சந்தை வேறு. நீங்கள் ஐந்து குறையை எழுதி 29 கேட்டால் வருகிறவர் ஒவ்வொரு குறைக்கும் 60,000 கழித்துக்கொண்டு 26இல் வந்து நிற்பார். ஒன்றும் எழுதாமல் 30 கேட்கிறவர் 28க்கு விற்றுவிட்டுப் போவார். நான் நெல்லியடியில் இதைப் பல தடவை பார்த்திருக்கிறேன். பொய் சொல்லச் சொல்லவில்லை. கேட்டால் சொல்லுங்கோ. விளம்பரத்திலேயே எழுதிக்கொண்டு நிற்க வேண்டாம் என்றுதான் சொல்கிறேன்.

தரகரையும் ஒரேயடியாகத் தள்ளவேண்டாம். ஒரு தரகருக்கு ஆள்பழக்கம் இருக்கிறது. யாருக்குச் சின்னக் கார் வேண்டும், யாரிடம் காசு தயார் என்று அவருக்குத் தெரியும். நீங்கள் விளம்பரம் போட்டால் தொலைபேசியில் ‘கடைசி விலை என்ன’ என்று கேட்டுவிட்டு வைக்கிறவர்கள்தான் முக்கால்வாசி.

இன்னொன்று. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள், 2025 பெப்ரவரியில் திரும்பவும் திறந்தார்கள். அந்த ஐந்து வருடமும் பழைய காருக்குக் கண்டபடி விலை ஏறியது. இப்போது புதிது வருகிறது. பழைய விலையை மனதில் வைத்துக்கொண்டு இருக்காமல் கெதியாக விற்பது புத்தி.

மொறிஸ் மைனர்

இறக்குமதி திறந்தாலும் வரி குறையவில்லையே, தம்பி. புதுச் சின்னக் கார் ஒன்றின் விலையைக் கேட்டுவிட்டு ஒரு ஆசிரியரோ தாதியோ வாங்குவாரா? அவர்கள் தேடுவது இந்த மாதிரிக் காரைத்தான். ஏறின விலை பெரிய கார்களுக்கு இறங்கலாம். பெற்றோல் குறைவாகக் குடிக்கிற, சாமான் மலிவாகக் கிடைக்கிற சின்னக் காருக்கு ஆள் எப்போதும் இருக்கும்.

பெற்றோல் என்றவுடன் எனக்கு வேறு காலம் நினைவு வருகிறது. தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடை நேரம் எங்கள் மொறிஸ் மைனரும் ஒஸ்ரினும் மண்ணெண்ணெயில் ஓடின. கொஞ்சம் பெற்றோலைக் காபரேற்றருக்குள் விட்டு ஸ்ராட் எடுத்து, என்ஜின் சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவோம். நோயாளியை ஏற்றப் போகவேண்டும் என்றால் அந்தச் சின்னப் போத்தல் பெற்றோல்தான் உயிர். பிளக்கை ஒவ்வொரு நாளும் கழற்றித் துடைக்கவேண்டும், இல்லாவிட்டால் கரி பிடித்துவிடும். அந்தக் கார்களில் சில இன்றும் கலியாண ஊர்வலத்துக்குப் பூ வைத்து ஓடுகின்றன. அவற்றை வைத்திருந்தவர்கள் அப்படிப் பராமரித்தார்கள்.

2022 எரிபொருள் தட்டுப்பாட்டையும் மறந்துவிடவேண்டாம். அந்த ஜூன் கடைசியில் 92 பெற்றோல் லீற்றர் 470 ரூபாய். பிறகு பெற்றோலைப் பங்கிட கியூஆர் முறை வந்தபோது காருக்குக் கிழமைக்கு 20 லீற்றர். பெரிய கார் வைத்திருந்தவர்கள் இரண்டு நாளில் முடித்துவிட்டு முற்றத்தில் நிறுத்தினார்கள். என்னுடைய மருமகனிடம் இருந்தது ஒரு ஆல்ட்டோ. வேலைக்கும் போய், என்னை ஆஸ்பத்திரிக்கும் கூட்டிக்கொண்டு போய், கிழமை முடிவில் தாங்கியில் மிச்சமும் இருந்தது. ஒரு காருடைய சிக்கனம் எது என்று அந்த மாதங்களில் இந்த ஊருக்கே தெரிந்தது.

ஆகவே இணுவிலான், உங்கள் கார் லீற்றருக்கு எவ்வளவு ஓடுகிறது என்று எழுதுங்கோ. அதைத்தானே முதலில் எழுதியிருக்க வேண்டும்.

இணுவிலான்

ஐயா, நல்லது, எழுதுகிறேன். கம்பனி இந்தியாவில் இந்தக் காரை 2012இல் விட்டபோது லீற்றருக்கு 22.74 கிலோமீற்றர் என்று சொன்னது. அது பரிசோதனைக் கணக்கு. நான் அளப்பது இப்படி: தாங்கியை நிரப்பி, பம்பு தானாக நின்றதும் நிறுத்திவிடுவேன், மேலே மேலே விடுவதில்லை. மீற்றரை எழுதிக்கொள்வேன். அடுத்த முறையும் அதே இடத்தில் அதே மாதிரி நிரப்பி, ஓடின தூரத்தை ஊற்றின லீற்றரால் பிரிப்பேன். யாழ்ப்பாணம் நகருக்குள், ஏசியோடு, பள்ளி விடுகிற நேர நெரிசலில் 15க்கும் 16க்கும் இடையில். வவுனியாவுக்கு எண்பதில் நிதானமாகப் போனால் 20ஐத் தொடும். எண்பதைத் தாண்டி மிதித்தால் சின்ன என்ஜின் கத்தும், கணக்கும் இறங்கும். மதிப்பாக எழுதவில்லை, எல்லாம் கொப்பியில் உள்ள கணக்கு.

வடமராட்சியான், நீங்கள் சொன்னதை யோசித்தேன். விளம்பரத்தில் குறையை எழுதினால் ஆட்கள் குறைவாக வருவார்கள் என்பதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் எழுதாமல் விட்டால் வருகிறவர் பஸ்ஸேறி வந்து, முற்றத்தில் காரைச் சுற்றிப் பார்த்து, கதவு உரசலைக் கண்டதும் ‘இதைச் சொல்லவில்லையே’ என்பார். அந்த நிமிடத்தோடு நான் சொல்கிற மற்ற எல்லாமும் சந்தேகமாகிவிடும். பெல்ட் மாற்றியதையும் நம்பமாட்டார், கொப்பியையும் நம்பமாட்டார். குறையை முதலே அறிந்து வருகிறவர் நல்லதைப் பார்க்க வருகிறார். பராமரித்த காரை விற்கிறவனுக்கு இருக்கிற ஒரே பலம் அந்த நம்பிக்கைதான் என்று நினைக்கிறேன். அதை விட்டுவிட்டால் சந்தையில் நிற்கிற மற்றக் கார்களுக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

வடமராட்சியான்

சரி ஐயா. உங்கள் பக்கம் நியாயம் இருக்கிறது. விலையில் மட்டும் நான் சொன்னதை நினைவில் வைத்திருங்கோ.

கொழும்புத்துறை அக்கா

நான் வாங்குகிற பக்கம். சைக்கிளிலும் ஸ்கூட்டியிலும் இவ்வளவு காலம் போய்வந்தேன். இப்போது மழைக்கும் பிள்ளைகளுக்கும் ஒரு கார் வேண்டும். மனுவல் லைசென்ஸ்தான் எடுத்திருக்கிறேன். தம்பிமார் ஆளுக்கொரு பக்கம் இழுக்கிறார்கள். ஒருவர் டொயோட்டாவின் ஹைபிரிட் (பெற்றோலிலும் பற்றறியிலும் ஓடுகிற) கார் அக்வாவை எடு, லீற்றருக்கு 20க்கு மேலே ஓடும் என்கிறார். மற்றவர் சுசுகி வாகன் ஆர் என்கிறார். கராஜ் பொடியன், நீங்கள் சொல்லுங்கோ. நாளொன்றுக்கு நான் ஓடப்போவது பத்துப் பன்னிரண்டு கிலோமீற்றர்தான். பழைய கார் பார்க்கப் போனால் என்ன பார்க்கவேண்டும்? நான் பெண் என்றதால் விற்கிறவர்கள் என்னோடு வருகிற தம்பியிடம்தான் பேசுகிறார்கள். நானே பார்த்து, நானே கேட்கவேண்டும் என்று இருக்கிறேன்.

கராஜ் பொடியன்

அக்கா, நல்ல முடிவு. நீங்களே கேளுங்கோ.

அக்வா நல்ல கார், குறை சொல்லமாட்டேன். ஆனால் 2012, 2013 வண்டிகளின் பெரிய பற்றறிக்கு இப்போது வயது போய்விட்டது. அந்தப் பற்றறிக்கு ஓட்டம்தான் உயிர். இங்கே சில கார்கள் வெளிநாட்டுக்காரருடையவை. நல்லூர்த் திருவிழாவுக்கு வந்து ஓட்டிவிட்டு, அடுத்த திருவிழா வரைக்கும் வீட்டு முகப்பில் நிறுத்திவிடுவார்கள். மீற்றர் குறைவாகக் காட்டும், பார்க்கப் புதிதாக இருக்கும், பற்றறி செத்திருக்கும். பற்றறியைக் குளிரவைக்கிற விசிறி பின் சீற்றின் பக்கம் இருக்கிறது. அதன் வலையில் தூசியும் நாய் மயிரும் அடைத்தால் சூடாகிப் பழுதாகும். அக்வா வாங்குவதானால் பற்றறியைக் கணினியில் போட்டுப் பார்க்காமல் வாங்காதேங்கோ. நாளுக்குப் பன்னிரண்டு கிலோமீற்றர் ஓடுகிறவர் மிச்சம் பிடிக்கிற பெற்றோல் காசு, ஒரு பற்றறி மாற்றவேண்டி வந்தால் அந்தச் செலவுக்குக் கிட்டவும் வராது. வாகன் ஆரில் இருப்பது சின்ன ஹைபிரிட், பயம் குறைவு. விலைதான் கூட. மனுவல் ஓட்டத் தெரிந்தால் ஆல்ட்டோ உங்களுக்குப் போதும். எங்கள் ஊர் முழுக்கச் சமதரை, ஏற்றம் இறக்கம் இல்லை. கிளச்சும் பிறேக்கும் கண்டிக் கார்களைவிட நெடுங்காலம் போகும்.

பார்க்கப் போவது காலையில் போங்கோ. முதல்நாளே தொலைபேசியில் ‘நான் வரும்வரைக்கும் ஸ்ராட் பண்ண வேண்டாம்’ என்று சொல்லிவிடுங்கோ. போனதும் பொனற்றில் கை வையுங்கோ. சூடாக இருந்தால் எதையோ மறைக்கிறார்கள் என்று எடுத்துக்கொள்ளலாம். குளிர்ந்த என்ஜின் ஒரு தடவையில் பிடிக்கவேண்டும். புகையைப் பாருங்கோ. நீலப் புகை வந்தால் ஒயில் எரிகிறது. கறுப்பு என்றால் பெற்றோல் கூடப் போகிறது. வெள்ளைப் புகை நிற்காமல் வந்தால் ரேடியேற்றர்த் தண்ணீர் உள்ளே போகிறது, அந்தக் காரை விட்டுவிட்டு வாங்கோ. ஒயில் மூடியின் உள்பக்கம் பால்கோப்பி நிறத்தில் களி இருந்தாலும் அதே கதைதான்.

மீற்றரை மட்டும் நம்பவேண்டாம், அது திருப்பக்கூடிய ஒன்று. கிளச் மிதியின் ரப்பர், ஸ்ரியறிங்கின் மேல்பக்கம், கியர்க் குமிழ் இந்த மூன்றையும் பாருங்கோ. 40,000 ஓடின காரில் மிதி ரப்பர் வழுவழு என்று தேய்ந்திராது. கதவுக் கண்ணாடிகளின் மூலையில் அடித்திருக்கிற கம்பனி முத்திரையை ஒன்றோடொன்று ஒத்துப் பாருங்கோ, ஒன்று மட்டும் வேறாக இருந்தால் அந்தப் பக்கம் அடி பட்டிருக்கலாம். ரயரின் பக்கச் சுவரில் நாலு இலக்கம் இருக்கும். 3222 என்றால் 2022ஆம் ஆண்டு 32ஆவது கிழமை செய்தது. ஓடாமல் நின்ற காரின் ரயர் பூ தேயாமல் இருந்தாலும் ரப்பர் வெடித்திருக்கும்.

கொழும்பிலிருந்து வருகிற கார் என்றால் ஒன்று கூடப் பார்க்கவேண்டும். 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் வெள்ளத்தில் தெற்கே நிறைய வாகனங்கள் மூழ்கின. சீற் பெல்ட்டைக் கடைசி வரைக்கும் இழுத்துப் பாருங்கோ, சேற்றுக் கோடு இருந்தால் அங்கே தெரியும். காரைக் கழுவுகிறவர்கள் அதுவரைக்கும் இழுத்துக் கழுவுவதில்லை. கம்பளத்தைத் தூக்கி மணந்தும் பாருங்கோ.

கொழும்புத்துறை அக்கா

தம்பி, பெரிய உதவி. இதை அப்படியே எழுதி எடுத்துக்கொண்டுதான் போவேன்.

நல்லூர் மண்

நான் கனடாவில் இருந்து எழுதுகிறேன். காரைப் பற்றி எல்லோரும் பேசியாகிவிட்டது, காகிதத்தைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. அதனால் வந்த பெரிய தலையிடியை எங்கள் குடும்பம் அனுபவித்தது.

எங்கள் அண்ணன் தன்னுடைய காரை விற்றபோது வாங்கினவர் ‘ஓப்பன் பேப்பரில் தாங்கோ, பிறகு மாற்றுகிறேன்’ என்றார். கையெழுத்தைப் போட்டு, வாங்குகிறவர் பெயரை வெறுமையாக விட்டுக் கொடுத்துவிட்டார். அவர் இன்னொருவருக்கு விற்றார், அந்த ஆள் இன்னொருவருக்கு. கார் எங்கேயோ ஒரு மோட்டார் சைக்கிளை இடித்துவிட்டுப் போனபோது பொலிஸ் தேடி வந்தது புத்தகத்தில் பெயர் இருந்த எங்கள் அண்ணனை. அவர் அப்போது இங்கே வந்துவிட்டார். வீட்டில் அம்மா மட்டும். கையில் ஒரு ஒப்பந்தமோ, வாங்கினவருடைய அடையாள அட்டைப் பிரதியோ கிடையாது. எவ்வளவு அலைச்சல் என்று சொல்லி முடியாது.

ஆகவே விற்கிற யாராக இருந்தாலும் கார் கைமாறுகிற நாளிலேயே பெயர் மாற்றத்துக்குக் கொடுக்கவேண்டும். வெறும் கையெழுத்துப் போட்ட படிவம் ஒருவரிடமும் போகக்கூடாது. வெளிநாட்டில் இருக்கிறவர்கள் உறவினர் பெயரில் அற்றோணி (தங்களுக்காகச் செயற்பட அதிகாரம் கொடுக்கிற பத்திரம்) எழுதிக் கொடுத்து விற்பார்கள். அப்படி ஒரு கார் வாங்குகிறவர்கள் அந்த அற்றோணியில் வாகனம் விற்கிற அதிகாரம் எழுதியிருக்கிறதா, அது இன்னும் செல்லுபடியாகிறதா என்று ஒரு சட்டத்தரணியிடம் காட்டிவிட்டுக் காசைக் கொடுங்கோ.

இணுவிலான்

உங்கள் அம்மா பட்டபாட்டை நினைக்கக் கவலையாக இருக்கிறது. இதை எழுதியதற்கு நன்றி. தரகரும் என்னிடம் ஓப்பன் பேப்பர்தான் கேட்டார், அவருக்கு அது வசதி, நடுவில் இரண்டு கை மாறினாலும் தெரியாது. முடியாது என்று சொல்லிவிட்டேன்.

விளம்பரத்தைக் குறைகளோடும் படங்களோடும் போட்டாயிற்று. ஏசியைத் தம்பி சொன்ன மாதிரிக் காட்டினேன். கண்டென்சர் முழுக்கத் தூசியும் வேப்பம்பூவும். கழுவிவிட்டதும் நிற்கும்போதும் குளிர்கிறது. விளக்குக் கண்ணாடியும் துலக்கியாகிவிட்டது. அந்த இரண்டு குறையையும் விளம்பரத்திலிருந்து எடுத்துவிட்டேன்.

வடமராட்சியான்

ஐயா, ஆட்கள் வருகிறார்களா? விலை எங்கே நிற்கிறது?

இணுவிலான்

கார் விற்றாயிற்று. கேட்டவர்களுக்காக நடந்ததை எழுதுகிறேன், இதேபோல விற்க இருக்கிறவர்களுக்கு உதவும்.

நீங்கள் சொன்னது போலவே தொலைபேசியில் கடைசி விலை கேட்டவர்கள் நிறையப் பேர். ‘வந்து பாருங்கோ, பார்த்தபின் பேசுவோம்’ என்று எல்லோருக்கும் ஒரே பதில் சொன்னேன். நேரில் வந்தவர்கள் குறைவு, ஆனால் வந்த ஒருவரும் ‘இதைச் சொல்லவில்லையே’ என்று கேட்கவில்லை. வாங்கினவர் சுன்னாகத்தில் ஒரு தாதி. தன்னுடைய மெக்கானிக்கைக் கூட்டிக்கொண்டு காலை ஏழு மணிக்கே வந்தார். பொனற்றில் கை வைத்துப் பார்த்தார். ரேடியேற்றர் மூடியைத் திறந்து காட்டினேன். மெக்கானிக் கீழே படுத்து அந்தத் துருவைத் தட்டிப் பார்த்துவிட்டு, கம்பித் தூரிகையால் உரஞ்சி துருத் தடுப்பு அடித்தால் போதும் என்றார். பிறகு அந்தத் தாதி கொப்பியை எடுத்துத் திண்ணையில் இருந்துகொண்டு முதல் பக்கத்திலிருந்து வாசித்தார். நடுவில் ஒரு இடத்தில் ஒயில் மாற்றம் பிந்தியிருக்கிறதே, ஏன் என்று கேட்டார். அது 2022, ஒயில் கிடைக்கவில்லை, காரும் அவ்வளவு ஓடவில்லை, அடுத்த வரியில் மீற்றரைப் பாருங்கோ என்றேன். பார்த்துவிட்டுத் தலையாட்டினார்.

28 லட்சத்து 25 ஆயிரத்துக்கு முடிந்தது. வடமராட்சியான் சொன்ன 26க்கு இறங்கவில்லை, நான் கேட்ட 29உம் கிடைக்கவில்லை. தரகருக்குக் கொடுக்கவேண்டியது மிச்சம் என்பதால் எனக்குத் திருப்தி.

காசு வங்கியில் வைத்து, கணக்கிலிருந்து கணக்குக்கு. என் கணக்கில் விழுந்ததைப் பார்த்தபின்தான் புத்தகத்தைக் கொடுத்தேன். அதற்கு முன்னர் அவர் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தின் இணையத்தளத்தில் வாகன இலக்கத்தைப் போட்டு, என்ஜின் இலக்கம் பொருந்துகிறதா, லீசிங் கம்பனியின் பெயர் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டார். இதை எல்லோரும் செய்யவேண்டும். பெயர் மாற்றப் படிவங்களை இருவரும் சேர்ந்து நிரப்பி, அவருடைய பெயரும் முகவரியும் எழுதியபின்தான் கையெழுத்துப் போட்டேன். அன்றைக்கே கச்சேரியில் (மாவட்டச் செயலகத்தில்) உள்ள அந்தத் திணைக்களத்தின் கிளையில் கொடுத்தோம். விற்பனை ஒப்பந்தத்தில் கார் கைமாறின தேதியோடு நேரத்தையும் எழுதி இருவரும் கையெழுத்திட்டோம். அந்த நேரத்துக்குப் பிறகு நடக்கிற எதற்கும் நான் பொறுப்பில்லை என்பதற்கு அது ஆதாரம். அடையாள அட்டைப் பிரதிகளும் ஒருவரிடம் ஒருவர் வாங்கிக்கொண்டோம். புகைப் பரிசோதனைச் சான்றிதழையும் வருட லைசென்ஸையும் கொடுத்தேன்.

காப்புறுதியில் கவனம். என் பெயரில் உள்ள காப்புறுதி அவரைக் காக்காது. அவர் வங்கியில் இருந்தபடியே தன் பெயரில் புதிது எடுத்தார். இழப்பீடு கேட்காமல் இருந்ததற்குக் கிடைக்கிற என்னுடைய நோ கிளெய்ம் சலுகை அடுத்த காருக்கு வேண்டும் என்பதால் என் கம்பனியிடம் கடிதம் கேட்டிருக்கிறேன்.

கொப்பியையும் அவரிடம் கொடுத்துவிட்டேன். அது காரோடு போகவேண்டிய சாமான்.

கராஜ் பொடியன்

நல்ல விலை அண்ணை. அந்தத் தாதியிடம் ஒன்று மட்டும் சொல்லிவிடுங்கோ, பின் பிறேக் சூ எப்போது மாற்றியது என்று நீங்கள் எழுதவில்லை. ஒருக்கால் கழற்றிப் பார்ப்பது நல்லது.

இணுவிலான்

கொப்பியில் இருக்கிறது தம்பி, கிளச் போட்ட அதே நாள். ஆனாலும் சொல்லிவிடுகிறேன்.

கொழும்புத்துறை அக்காவுக்கு: என்னோடு படிப்பிக்கிற ஒருவர் 2014 ஆல்ட்டோ ஒன்று விற்க இருக்கிறார். பெல்ட் இன்னும் மாற்றவில்லை, அதை அவரே சொல்கிறார், விலையிலும் கழிக்கத் தயார். விருப்பம் என்றால் தனிமடல் போடுங்கோ. சனிக்கிழமை காலை காரை ஸ்ராட் பண்ணாமல் வைத்திருக்கச் சொல்கிறேன்.